நெட் ரிக், ஷேக்கி ஹெட்: டெக்சாஸ் ஏரிகளில் பாஸ் பிடிக்கத் தொடங்குபவர்களுக்கு

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன், இதில் எந்த ஊரைச் சுற்றிக் குடியிருந்தாலும் பெரிய ஏரி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்: லூயிஸ்வில், டிராவிஸ், கான்ரோ. மூன்றிலும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன் உண்டு. ஆனால் ஊரை ஒட்டிய ஏரிகளில் வாரம் முழுக்கத் தூண்டில் விழுந்துகொண்டே இருப்பதால், சத்தம் போட்டுக்கொண்டு வரும் பெரிய இரைகளை அங்குள்ள மீன்கள் சட்டை செய்வதில்லை. தடித்த லைனும் (தூண்டில் நூல்) கனமான இரையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

கடிக்கத் தயங்கும் மீனுக்கு எடை குறைந்த ஜிக் ஹெட்டில் (தூண்டில் முள்ளோடு வார்த்த உலோகத் தலை) கோத்த சிறிய பிளாஸ்டிக் புழுவே சரி. மெதுவாக விழ வேண்டும், அடியில் கிடக்க வேண்டும், நீங்கள் அதைக் குறைவாகத்தான் தொந்தரவு செய்ய வேண்டும். தொடங்குவதற்கு இரண்டு அமைப்புகள் போதும். காளான் வடிவத் தலையில் இரண்டே முக்கால் அங்குலப் புழுவைக் கோப்பது நெட் ரிக். கான்சாஸ்காரரான நெட் கெடி பரப்பியதால் அந்தப் பெயர். நிமிர்ந்து நிற்கும் தலையில் ஐந்து, ஆறு அங்குலப் புழுவைக் கோத்து, முள்ளைப் புழுவுக்குள்ளேயே ஒளித்துவைப்பது ஷேக்கி ஹெட். இரண்டுக்கும் கம்பு, ரீல், லைன் எல்லாம் ஒன்றே.

1. உரிமம் எடுங்கள்

17 வயது முடிந்த எவருக்கும் டெக்சாஸில் மீன்பிடி உரிமம் வேண்டும். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் வாங்கலாம். வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளின் கவுண்டரிலும் தருவார்கள். இணையத்தில் வாங்கினால் சேவைக் கட்டணம் கொஞ்சம் கூடும். டிரைவிங் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலவாசிக்கு நன்னீர் உரிமம் 30 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 58 டாலர். ஒருநாள் உரிமம் முறையே 11, 16 டாலர். வாங்கும் அன்று ஒருமுறை விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், துறை அவ்வப்போது மாற்றுவதுண்டு. புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள் இவை:

டெக்சாஸுக்கு வந்து தொடர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தால்தான் நீங்கள் மாநிலவாசி. வேலை மாறி மூன்று மாதத்துக்கு முன்பு நியூஜெர்சியிலிருந்து வந்தவர் வெளிமாநிலக் கட்டணம்தான் கட்ட வேண்டும். அதுவரை இரண்டு, மூன்று நாள்தான் போவீர்கள் என்றால் ஒருநாள் உரிமத்தில் ஓட்டுவது மலிவு.

உரிம ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. ஜூலையில் 30 டாலர் கொடுத்தால் ஒன்றரை, இரண்டு மாதம்தான் செல்லும். கோடையில் தொடங்கும் மாநிலவாசிகள், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் 47 டாலர் உரிமத்தை எடுங்கள். கடலோரத்துக்கும் அதுவே போதும்.

மீன்பிடிக்கும்போது உரிமத்தோடு டிரைவிங் லைசென்ஸ் போன்ற அடையாள அட்டையும் உடன் இருக்க வேண்டும். காரில் வைத்துவிட்டுக் கரைக்கு இறங்காதீர்கள். கேம் வார்டன் (மாநில மீன்பிடி அதிகாரி) வந்து கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும்.

உரிமத்துக்குச் செலவழிக்கும் முன் இது நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைத்தால், ஸ்டேட் பார்க் ஒன்றுக்குப் போங்கள். பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமம் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். பல பூங்காக்களில் கம்பும் ரீலும் இரவல் தருகிறார்கள், முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பொது விதிப்படி ஒரு நாளைக்கு ஐந்து பாஸ், லார்ஜ்மவுத் என்றால் குறைந்தது 14 அங்குலம். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். தனி விதி உள்ள ஏரிகளும் உண்டு: லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேல் 24-க்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளவே கூடாது. குழம்புக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். காடோ ஏரி பாஸில் பாதரசம் உண்டு.

2. கம்பு, ரீல், லைன்

ஸ்பின்னிங் கம்புதான் வேண்டும். நீளம் 6 அடி 10 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், பவர் மீடியம் லைட் அல்லது மீடியம், ஆக்‌ஷன் ஃபாஸ்ட். கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் லூர் (செயற்கை இரை) எடை அச்சிட்டிருக்கும். அது 1/16 அல்லது 1/8 அவுன்ஸில் தொடங்க வேண்டும். 1/4 முதல் 3/4 என்று இருந்தால் அந்தக் கம்பைத் திரும்ப வைத்துவிடுங்கள். இவ்வளவு லேசான இரைக்கு அது வளையவே வளையாது, வீச்சும் பத்தடி தாண்டாது. ரீல் 2500 அளவு.

லைனில் கஞ்சத்தனம் வேண்டாம். ரீலில் 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்), அதன் நுனியில் 6 முதல் 10 அடி நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். தெளிந்த நீரில் லீடரை 6 பவுண்டாகக் குறைக்கலாம். பளிச்சென்ற மஞ்சள் பிரெய்டு வாங்குங்கள். இந்த முறையில் பாதிக் கடிகளைக் கை உணராது, கண்தான் பார்க்கும். லீடர் நிறமற்று இருப்பதால் மீனுக்கு மஞ்சள் தெரிந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

பிரெய்டை, லைன் சுற்றும் உருளையான ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) கெட்டுப்போய்விட்டது என்று ரீலைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. குறை ரீலில் இல்லை. முதலில் நாலைந்து சுற்று மோனோ (ஒற்றை இழை நைலான் லைன்) சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் போதும். தளும்பத் தளும்பச் சுற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கொட்டி முடிச்சு விழும். வீசி முடித்ததும் பெயிலை (ரீலில் லைனைத் தடுக்கும் கம்பி வளையம்) கையால் மூடிப் பழகுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த ஒரு வளையம் ஸ்பூலில் தங்கி அடுத்த வீச்சைக் கெடுக்கும்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க டபுள் யூனி முடிச்சு: பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, ஃபுளோரோ பக்கம் ஐந்து. ஜிக் ஹெட்டில் பாலோமார் முடிச்சு. இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த முடிச்சை இழுத்தால் உராய்வுச் சூட்டில் ஃபுளோரோ பலவீனப்படும். டிராக்கை இரண்டு பவுண்டு இழுவைக்கு வையுங்கள், ரொம்ப இறுக்கினால் லீடர்தான் முதலில் போகும்.

தோராயச் செலவு: கம்பு 60, ரீல் 60, பிரெய்டு 18, லீடர் 10, ஜிக் ஹெட் இரண்டு பாக்கெட் 12, புழு மூன்று பாக்கெட் 18, நீண்ட மூக்கு இடுக்கி 10, உரிமம் 30. மொத்தம் 218 டாலர், பொருள்களுக்கு வரி தனி. கம்பு, ரீல் விலையில் பாதிக்கே இரண்டும் சேர்ந்த காம்போ கிடைக்கும். 2500 ரீலும் மேலே சொன்ன லூர் எடையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பொத்தானை அமுக்கி வீசும் மூடிய ரீல் மட்டும் வேண்டாம்.

3. ஜிக் ஹெட்டின் எடை

எல்லாம் இதில்தான் இருக்கிறது. கடையில் கண்ணில் படுவது 1/4 அவுன்ஸ். தூரம் போகும், அடியைத் தொட்டதும் கையில் தெரியும், அதனால் புதியவர்கள் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அது கல்லாக இறங்கும். பாஸ் திரும்பிப் பார்க்கும் முன் சேற்றில் புதைந்துவிடும், கல் இடுக்கு என்றால் ஆப்பாகச் சிக்கிக்கொள்ளும்.

• ஆறடி ஆழம் வரை: 1/16 முதல் 1/10 அவுன்ஸ்
• ஆறு முதல் பன்னிரண்டு அடி: 1/10 முதல் 1/6
• அதற்கு மேல் இருபதடி வரை, அல்லது பலத்த காற்று: 3/16

கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கு நெட் ரிக்கில் 1/10, ஷேக்கி ஹெட்டில் 1/8 வாங்கினால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். அடியில் தொட்டதே தெரியவில்லை என்றால்தான் ஒரு படி கூட்டுங்கள். மீன் தொட்டுவிட்டு விடுகிறது, வாயில் வைக்கவில்லை என்றால் ஒரு படி குறையுங்கள்.

நெட் ரிக் தலையின் அடிப்பக்கம் தட்டையாக, முள் 1 அல்லது 2 எண் அளவில் மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய முள் லேசான இழுப்பிலேயே ஏறும். கல்லில் சிக்கினால் இழுக்க இழுக்க நிமிர்ந்து வெளியே வந்துவிடும், பிறகு இடுக்கியால் வளைத்துக்கொள்ளலாம். ஷேக்கி ஹெட்டுக்கு 3/0 முள், புழுத் தலையைத் திருகிப் பொருத்தச் சுருள் கம்பி உள்ளதாகப் பாருங்கள்.

டெக்சாஸில் ஈயத் தலைக்குத் தடையில்லை. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் சிறிய ஈயக் குண்டுகளும் ஈய ஜிக்குகளும் தடை செய்யப்பட்டவை. அங்கே விடுமுறைக்குப் போகும்போது இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், டங்ஸ்டன் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. புழு

நெட் ரிக்குக்கு இசட்மேன் டிஆர்டி வகை. எலாஸ்டெக் என்ற பொருளில் செய்தது, தண்ணீரில் மிதக்கும். தலை அடியில் கிடக்க, புழு வாலைத் தூக்கி நிற்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும் நேரத்தில்கூட அது மீனை அழைத்துக்கொண்டிருக்கும். ஐந்து அங்குல சென்கோ புழுவைப் பாதியாக வெட்டியும் கோக்கலாம். அதில் உப்பு இருப்பதால் வால் படுத்துவிடும், இரண்டு மீனுக்கு மேல் தாங்குவதும் கடினம்.

ஷேக்கி ஹெட்டுக்கு ஜூம் டிரிக் வார்ம், ரோபோவார்ம் ஸ்ட்ரெய்ட் டெய்ல் போன்ற நேர்வால் புழுக்கள்.

நிறத்தில் மூளையைக் கசக்க வேண்டாம். தெளிந்த நீருக்குப் பச்சை பம்ப்கின், மழைக்குப் பிறகு கலங்கிய நீருக்குக் கறுப்பு–நீலம், இரண்டுக்கும் நடுவே ஜூன்பக் என்ற கருஊதா. இந்த மூன்று பாக்கெட்டோடு ஓராண்டு ஓட்டலாம்.

எலாஸ்டெக் புழுவை மற்ற பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். இரண்டும் வினைபுரிந்து உருகி, பெட்டி முழுக்கப் பசையாகிவிடும். வந்த பாக்கெட்டிலேயே, வளைக்காமல் தட்டையாக வையுங்கள். கோடையில் காருக்குள் விட்டுவிட்டு வரவும் வேண்டாம்.

5. கோக்கும் விதம்

நெட் ரிக்: முதலில் முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். வளைவு எந்த இடத்தில் வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு போடுங்கள். முள் நுனியைப் புழுத் தலையின் நடுமையத்தில் குத்துங்கள். பிறகு முள்ளைத் தள்ளாமல், புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளின்மேல் ஏற்றுங்கள். எலாஸ்டெக் ரப்பர்போல் இழுபடும், அவசரப்பட்டால் நுனி பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். நகக் கோடு வந்ததும் நுனியை மேலே வெளியே எடுங்கள். கடைசியாகத் தலைக்குப் பின்னுள்ள, புழுவைப் பிடித்துவைக்கும் முள்கவ்வி வரும். புழுவின் வாயை விரல் நகத்தால் சற்று விரித்து அதன்மேல் ஏற்றித் தலையோடு இடைவெளியில்லாமல் உட்கார வையுங்கள். அந்த இடத்தில் சூப்பர் குளூ ஜெல் ஒரு துளி விட்டால் புழு நாள் முழுக்க நகராது.

முடித்ததும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தலையும் வாலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் இழுக்கும்போது புழு சுழலும், லைன் முறுக்கேறும், மீன் விலகிப் போகும். கோணியிருந்தால் கழற்றித் திரும்பக் கோத்துவிடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே வீசினால் அன்றைய பொழுது வீண்.

ஷேக்கி ஹெட்: சுருள் கம்பியின் நுனியைப் புழுத் தலையின் நடுவில் வைத்து, புழுவைத் திருகி முழுவதும் ஏற்றுங்கள். புழுவைத் தொங்கவிட்டு, முள் வளைவு படும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் புழுவைச் சற்றே முன்னால் தள்ளி, முள்ளை நேராகக் குத்தி மறுபக்கம் எடுங்கள். வெளியே வந்த நுனியைப் புழுவின் தோலுக்கு அடியில் மெல்லச் செருகிவிடுங்கள். பாசியிலும் கிளையிலும் மாட்டாது, மீன் கடித்தால் தோல் கிழிந்து முள் ஏறும். புழு முள்ளில் புடைத்து நின்றால் குறி பின்னால் போய்விட்டது. விறைத்து இழுபட்டால் முன்னால் வந்துவிட்டது.

6. எங்கே, எப்போது

அடி கல்லாகவோ சரளையாகவோ கெட்டியாக இருந்தால் நெட் ரிக். அணைக்கட்டை ஒட்டிக் கொட்டியிருக்கும் பாறைச் சரிவு, படகு இறக்கும் சிமெண்ட் தளத்தின் ஓரம், தண்ணீருக்குள் நீண்டு இறங்கும் நிலமுனை. கிளை, மரக்கட்டை, படகுத்துறைத் தூண் இருக்கும் இடத்தில் ஷேக்கி ஹெட். அடர்ந்த பாசிக்குள் இரண்டுமே வேண்டாம். பாசி முடியும் விளிம்பில் போடுங்கள்.

கரையில் நின்றதும் ஏரி நடுவை நோக்கி வீசத் தோன்றும். அதை விட்டுவிட்டுக் கரைக்கு இணையாக வீசுங்கள். மீன் இருக்கும் ஆழத்தில் புழு அதிக நேரம் கிடக்கும். நேராக உள்ளே வீசினால் வழியில் சில அடி தூரம்தான் புழு அந்த ஆழத்தில் இருக்கும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட ஆழம் குறைந்த இடத்துக்கு மீன் வரும் காலம். கரைக்காரர்களுக்கு இதுதான் பொற்காலம். கோடையில் விடியலுக்கு முன்பே கரையில் இருங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயில் உங்களையும் மீனையும் விரட்டிவிடும். குளிர்காலத்தில் அவசரமில்லை, மதியத்துக்கு மேல் போனால் போதும். குளிர்முகம் (திடீர்க் குளிர்காற்று) கடந்து வானம் வெளுத்த மறுநாள் மற்ற இரைகள் எல்லாம் பொய்க்கும்போது நெட் ரிக் கைகொடுக்கும்.

7. வீசிய பிறகு

புழு தண்ணீரைத் தொட்டதும் பெயிலை மூடி, கம்பின் நுனியைத் தாழ்த்தி, லைன் லேசாகத் தொய்ந்திருக்க விழவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் புழு நேராக இறங்காமல் உங்களை நோக்கி வளைந்து வரும். மனதுக்குள் எண்ணுங்கள். முதல் வீச்சில் எட்டு எண்ணியதும் லைன் தளர்ந்தது என்றால் அடி அங்கே. அடுத்த வீச்சில் ஐந்திலேயே லைன் நின்றுவிட்டால் மீன் வாங்கிவிட்டது. லைன் திடீரென்று ஒரு துடிப்புத் துடித்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ அதுவும் கடிதான்.

அடியைத் தொட்டதும் பத்து நொடி சும்மா விடுங்கள். பிறகு ரீலால் இழுக்காமல், கம்பை ஓரமாக நகர்த்திப் புழுவை ஓரடி நகர்த்துங்கள், தளர்ந்த லைனைச் சுற்றுங்கள், மறுபடி நிறுத்துங்கள். அவ்வளவே. ஷேக்கி ஹெட்டில் நிறுத்தும் நேரத்தில் நுனியை மெல்ல நடுங்கச் செய்யலாம், ஆனால் ஆட வேண்டியது தொய்வான லைன்தான். தலை இடத்தைவிட்டு நகர்ந்தால் அதிகமாக ஆட்டுகிறீர்கள்.

8. கடி விழுந்தால்

கடியைச் சில நேரம் "டக்" என்று உணர்வீர்கள். பெரும்பாலும் ஈரத் துணி மாட்டியதுபோல் ஒரு கனம் மட்டும் தெரியும். சந்தேகம் வந்தால் மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் ரிக்கில் டிவியில் காட்டுவதுபோல் தலைக்கு மேல் ஓங்கி இழுக்காதீர்கள். தொய்வைச் சுற்றி எடுத்து, கம்பைப் பக்கவாட்டில் சீராக இழுங்கள். மெல்லிய முள் தானே ஏறிவிடும். ஓங்கி இழுத்தால் முள் நிமிரும், அல்லது லீடர் அறுந்துபோகும். ஷேக்கி ஹெட்டில் முள் புழுவைத் துளைத்து வர வேண்டும் என்பதால் இழுப்பு சற்று உறுதியாக இருக்கட்டும். மீன் துள்ள எழும்பும்போது நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள்.

கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள், பெரிய மீன் என்றால் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். தாடையில் மட்டும் கிடைமட்டமாகத் தொங்கவிட்டால் தாடை முறியலாம். விடப்போகும் மீனை, அதுவும் கோடையில், ஒரு போட்டோவுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். தொண்டையில் ஆழமாக விழுங்கியிருந்து முள் எளிதில் வராவிட்டால் லைனை ஒட்ட வெட்டிவிட்டு மீனை விடுங்கள்.

9. தவறும் இடங்கள்

கடி விழுகிறது, மீன் தங்குவதில்லை: முள் மழுங்கியிருக்கும். நுனியை நகத்தின்மேல் வைத்து இழுங்கள். பதிந்து நிற்காமல் வழுக்கினால் மாற்றிவிடுங்கள். கல்லில் பழகும் முள் சீக்கிரம் மழுங்கும்.

ஓயாமல் சிக்குகிறது: எடை அதிகம், அல்லது இழுப்பு வேகம். சிக்கியதும் இன்னும் பலமாக இழுக்கத் தோன்றும், அப்படிச் செய்தால் தலை இடுக்கில் இறுகிவிடும். லைனைத் தொய்யவிட்டு, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே லைனை வில்நாண்போல் இழுத்துச் சட்டென்று விடுங்கள். வராவிட்டால் கரையில் நடந்து எதிர்ப்பக்கம் போய் இழுங்கள். அறுத்தே ஆக வேண்டும் என்றால் பிரெய்டைக் கையில் சுற்றாதீர்கள், தோலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

லீடர் அடிக்கடி அறுகிறது: ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி இரண்டடியை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடம் வரை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையில் விட்டால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். லீடர் மூன்றடிக்குக் குறைந்ததும் புதிய லீடர் கட்டும் நேரம்.